மாலை ஏழு மணிக்குக் கைபேசி எங்கே இருக்க வேண்டும்?

கைபேசிக்கும் திரைகளுக்கும் ஓய்வு கொடுத்து நேரத்தை மீட்டுக்கொள்வது எப்படி என்று கேட்டு இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பள்ளி மாணவனின் தாயும் எழுபதைக் கடந்த பாட்டியும் ஏறத்தாழ ஒரே வருத்தத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: காலையில் பால் காய்வதற்குள் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று கைபேசியை எடுக்கிறேன், பால் பொங்கி அடுப்பில் வழிந்த பிறகுதான் நிமிர்கிறேன். நாள் முழுவதும் இப்படியே போகிறது. தைப்பதற்காக வெட்டி வைத்த இரண்டு ரவிக்கைத் துணிகள் மூன்று மாதமாகத் தையல் இயந்திரத்தின் மேல் கிடக்கின்றன. கைபேசியை ஒரு வாரம் அணைத்துப் பீரோவில் பூட்டிவிடலாமா? — *வாசகி, ஸ்ரீரங்கம்*

பதில்: சகோதரி, முதலில் உங்களை நீங்களே நொந்துகொள்வதை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் அரை மணியாவதற்கு உங்கள் மன உறுதி மட்டும் காரணமன்று. அப்படி ஆகும்படியாகவே அந்தச் செயலிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, தொலைக்காட்சித் தொடருக்கும் 'தொடரும்' என்று ஓர் இடம் உண்டு, ஆனால் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருக்கும் பக்கத்துக்கு அப்படி எழுந்து போகும் இடமே கிடையாது. 2006-ஆம் ஆண்டில் இந்த முடிவில்லாப் பக்கத்தை வடிவமைத்த ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்கர், பின்னாளில் அதற்காகத் தாமே வருந்துவதாக வெளிப்படையாகச் சொன்னார். இதைவிடப் பழைய காரணம் ஒன்றும் இருக்கிறது. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் கூண்டுப் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில், எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று முன்கூட்டித் தெரியாதபோது புறா விடாமல் கொத்திக்கொண்டேயிருந்தது. தானியம் நின்ற பிறகும் வெகுநேரம் அது ஓயவில்லை. பத்து ரீல்ஸில் ஒன்பது சலிப்பாக இருந்தும், பத்தாவது நன்றாக இருக்கக்கூடும் என்று விரல் நகர்வதற்கும் அதே காரணம்தான்.

பீரோவில் பூட்டும் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. எரிவாயு உருளை பதிவு செய்யவும், வங்கி அனுப்பும் ஓடிபி பார்க்கவும், பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் நாளைக்கு விடுமுறையா என்று தெரிந்துகொள்ளவும் இரண்டாம் நாளே பீரோவைத் திறக்க வேண்டியிருக்கும். திறந்ததும் 'என்னால் ஒரு வாரம்கூட இருக்க முடியவில்லை' என்ற சோர்வுதான் மிஞ்சும். இத்தனை நாள் விடுவது என்று கணக்கு வைப்பதைவிட, எந்த இடத்தில், எந்த நேரத்தில் அது கையில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்வது நின்று பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கு முன் மூன்று நாட்கள் மட்டும் ஒரு குறிப்பேட்டில், கைபேசியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எதற்காக எடுத்தீர்கள் என்று ஒரு சொல் எழுதுங்கள். நானும் அப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் மாலைக்குள் பக்கம் நிறைந்துவிட்டது. 'மணி பார்க்க', 'அலாரம் நிறுத்த', 'தேதி பார்க்க', 'கணக்குப் போட', 'மின்சாரம் போனதால் வெளிச்சத்துக்கு' என்றே பெரும்பாலான வரிகள் இருந்தன. எடுத்த காரியம் அரை நிமிடத்தில் முடிந்திருந்தும் நான் அங்கேயே இருபது நிமிடம் நின்றிருந்தேன். கடிகாரம், காலண்டர், கால்குலேட்டர், டார்ச் விளக்கு ஆகிய எல்லாமே ஒரே கருவிக்குள் போய்விட்டதால், ஒவ்வொன்றுக்காகவும் அதனிடம் போய் வர வேண்டியிருக்கிறது. போகும் வழிகளை முதலில் குறைத்துவிட வேண்டும். சமையலறைச் சுவரில் ஒரு கடிகாரமும், படுக்கையறையில் ஓர் அலாரம் கடிகாரமும், கதவருகே தினசரிக் காலண்டரும், அலமாரியில் ஒரு டார்ச்சும் வாங்கி வைத்த பிறகு, வேறெதையும் நான் மாற்றாமலேயே குறிப்பேட்டின் வரிகள் குறைந்தன.

உங்கள் கைபேசியிலேயே இதற்குக் கணக்கு இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐஃபோனில் 'ஸ்க்ரீன் டைம்' என்ற பெயர்களில் 2018 முதல் வந்த வசதி, எந்தச் செயலியில் எத்தனை நிமிடம் போயிற்று என்று நாள்தோறும் காட்டும். அந்த எண்ணைப் பார்த்துத் திடுக்கிடுவதோடு நின்றுவிடாமல் ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். நாளொன்றுக்கு 3 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 1,095 மணி நேரம். இரவும் பகலும் சேர்த்து எண்ணினால் 45 நாட்களுக்கும் மேல்.

ரவிக்கைத் துணிக்கு வருகிறேன். மீட்ட நேரம் வெறுமனே கிடந்தால் விரல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஆகவே அந்த நேரத்துக்கு உரிய வேலை முன்னதாகவே ஆயத்தமாக இருக்க வேண்டும். இன்று இரவே இயந்திரத்தில் நூல் கோத்து, பாபினைச் சுற்றி, கைப்பகுதித் துணியை ஊசிக்கடியில் வைத்துவிட்டுப் படுங்கள். நாளை மதியம் நூல் தேடவும் பாபின் சுற்றவும் பொழுது போகாமல், உட்கார்ந்ததும் காலால் மிதித்தால் போதும் என்ற நிலை இருந்தால், வேலை தானாகவே தொடங்கும். பால் காயும்போது கைபேசி கூடத்தில் சார்ஜரில் இருக்கட்டும்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். நான், மனைவி, மகன், மருமகள், இரண்டு பேரப் பிள்ளைகள் என்று வீட்டில் ஆறு பேர். மாலையில் ஆறு பேரும் ஆறு திரைகளில் இருக்கிறோம். குடும்பம் முழுவதும் சேர்ந்து ஒரு நேரக் கட்டுப்பாடு வைத்துக்கொள்ள முடியுமா? — *வாசகர், தென்காசி*

பதில்: முடியும், ஐயா. ஓர் ஊரே செய்து காட்டியிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்றொரு கிராமம் உண்டு; ஏறத்தாழ மூவாயிரம் பேர் வாழும் ஊர், பெரும்பாலோர் விவசாயிகளும் சர்க்கரை ஆலைத் தொழிலாளர்களும். கொரோனா ஊரடங்கின்போது பாடம் படிப்பதற்காகக் கொடுத்த கைபேசி, பள்ளி திறந்த பிறகும் பிள்ளைகளின் கையை விட்டு இறங்கவில்லை என்று அங்குள்ள ஆசிரியர்களும் பெற்றோரும் வருந்தினார்கள். 2022 ஆகஸ்டில் சுதந்திர தினத்தை ஒட்டி ஊர்ப் பெண்களைக் கூட்டிப் பேசி, மாலை 7 மணிக்கு ஊர்க் கோயிலில் சைரன் ஒலித்ததும் எல்லா வீட்டிலும் தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைப்பது, 8.30 மணிக்கு மறுபடி ஒலித்ததும் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். ஊராட்சித் தலைவர் விஜய் மோகித்தே இதை முன்மொழிந்தபோது ஆண்கள் பலர் சிரித்தார்களாம். ஆஷா பணியாளர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்ன பிறகுதான் அது நடைமுறைக்கு வந்தது. உங்களைப் போன்ற ஓர் ஆசிரியரின் சொல்லுக்கு அங்கே இடம் இருந்தது என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

அந்த ஊரிலிருந்து நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு என்று நினைக்கிறேன். முதலாவது, அந்த விதி பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக இல்லை. 'நீ படி' என்று சொல்லிவிட்டு அப்பா சோபாவில் கிரிக்கெட் பார்க்கிற வீட்டில் எந்தக் கட்டுப்பாடும் ஒரு வாரம் தாண்டாது. எல்லோரும் கைபேசியை வைக்க ஒரு தட்டு இருக்கட்டும்; தாத்தாவின் கைபேசியும் அதே தட்டில் இருக்க வேண்டும், முதலில் கொண்டுவந்து வைப்பவரும் தாத்தாவாக இருக்க வேண்டும். இரண்டாவது, அணைக்கச் சொல்லும் குரல் ஒரு மனிதருடையதாக இல்லை. அம்மா தினமும் சொன்னால் அது நச்சரிப்பாகிவிடும், கோபமும் அவர் மேலேயே திரும்பும். சைரனோடு யாரும் சண்டை போடுவதில்லை. உங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் ஏழு அடிப்பதோ, சாமி விளக்கு ஏற்றுவதோ, தெருக்கோடிப் பள்ளிவாசலின் பாங்கோசையோ, மாதா கோயில் மணியோ அந்த அடையாளமாக இருக்கலாம்.

ஒன்றரை மணி நேரம் வேண்டாம், நாற்பது நிமிடத்தில் தொடங்குங்கள். அவசர அழைப்பு வந்தால் காதில் விழும்படி ஒரே ஒரு கைபேசியின் மணியோசையை மட்டும் விட்டுவைத்தால், 'முக்கியமான போன் வரும்' என்ற ஆட்சேபத்துக்கும் பதில் கிடைத்துவிடும். முதல் சில நாட்கள் கூடத்தில் ஒரு சங்கடமான அமைதி இருக்கும், என்ன பேசுவதென்றே தெரியாது. அதற்காக மனம் தளர வேண்டாம். பல்லாங்குழியோ கேரம் பலகையோ வெளியே எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் அவரைக்காய் நறுக்கும் வேலையை ஆறு பேருக்கும் பங்கிட்டுக் கொடுங்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் தானே பேசத் தொடங்கும்.

கேள்வி: என் குழந்தைக்கு ஒன்றரை வயது. கைபேசியில் பாட்டுப் போட்டால்தான் வாயைத் திறக்கிறாள். எடுத்துவிட்டால் சாப்பாடே இறங்குவதில்லை. — *இளம் தாய், வேலூர்*

பதில்: அம்மா, நீங்கள் அதை முதன்முதலில் கொடுத்தது அவள் நாலு வாய் சாப்பிடட்டும் என்ற அன்பினால்தான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரை பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் நேரமே வேண்டாம்; இரண்டு முதல் நான்கு வயதுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. பாட்டில் லயித்திருக்கும் குழந்தைக்குப் பசியும் தெரிவதில்லை, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை. வாயில் வைத்தது இட்லியா பருப்புச் சோறா என்பதைக் கவனிக்காமலேயே விழுங்குகிறாள்.

காக்கைக்கு ஒரு பருக்கை, உனக்கு ஒரு வாய் என்று திண்ணையில் ஊட்டிய பாட்டிமார்களும் கவனத்தைத் திருப்பித்தானே ஊட்டினார்கள் என்று கேட்கலாம். காக்கை வருவதற்கும் போவதற்கும் இடையில் குழந்தை ஊட்டுகிறவரின் முகத்தைப் பார்த்தது, அவர் சொன்ன சொல்லைத் திருப்பிச் சொன்னது, கிண்ணத்துக்குள் தானும் கையை விட்டது. அந்த வேறுபாட்டை நான் பெரிதாக நினைக்கிறேன்.

நீங்கள் சாப்பிடும் நேரத்திலேயே அவளையும் பாயில் உட்காரவைத்து, தனித் தட்டில் இட்லியைச் சிறு துண்டுகளாகப் பிய்த்துப் போட்டு, தானே எடுத்துச் சாப்பிட விடுங்கள். பாதி தரையில் சிந்தும், சிந்தட்டும். அரை மணி நேரம் ஆனதும் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தட்டை எடுத்துவிடுங்கள். கிண்ணத்தோடு பின்னால் ஓட வேண்டாம், அடுத்த வேளைக்கு முன் பிஸ்கட்டும் வேண்டாம். முதல் மூன்று நான்கு நாட்கள் அழுகை கடுமையாக இருக்கும், அப்போது வீட்டிலுள்ள யாரும் இரக்கப்பட்டுக் கைபேசியை எடுத்துக் கொடுத்துவிடாதபடி முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். எடை குறைவதாகவோ, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காதிருப்பதாகவோ தோன்றினால் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான் தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரவு பத்து மணிக்கும் மேலாளர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடுகிறார். கைபேசிக்கு ஓய்வு என்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சாத்தியமா? — *வாசகர், கோயம்புத்தூர்*

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள நியாயத்தை மறுக்க மாட்டேன். பிறர் பறிக்கும் நேரத்தைத் தனிமனிதக் கட்டுப்பாட்டால் மட்டும் மீட்டுவிட முடியாது. பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல், ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசி முடிவு காண வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இந்தியாவில் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே இதே நோக்கத்துடன் தனிநபர் மசோதா கொண்டுவந்தார்; அது சட்டமாகவில்லை.

சட்டம் வரும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. மேலாளரிடம் நேரில், வேலை நேரத்தில், அமைதியாகக் கேளுங்கள்: 'இரவில் அவசரம் என்றால் அழைத்துவிடுங்கள், உடனே எடுக்கிறேன், செய்தியாக அனுப்புவதைக் காலை எட்டரைக்குப் பார்த்துச் செய்துவிடுகிறேன்.' நாளைக்குள் மறந்துவிடக் கூடாதே என்று அனுப்பப்படும் செய்திகளே இரவுச் செய்திகளில் நிறைய. அனுப்பியவரே உடனடிப் பதிலை எதிர்பார்த்திருக்க மாட்டார். அவர் ஒப்புக்கொண்டால் குழுவை ஒலியடக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி: டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறேன். பாடக் குறிப்புகள், வகுப்புகள், மாதிரித் தேர்வுகள் எல்லாமே கைபேசியில்தான். எப்படி விலகியிருப்பது? — *மதுரை மாணவர்*

பதில்: தம்பி, பாடத்தைக் கைபேசியிலிருந்து எடுக்கும் நேரத்தையும் பாடத்தைப் படிக்கும் நேரத்தையும் பிரித்துவிடு. காலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, அன்றைக்கு வேண்டிய குறிப்புகளை அச்செடுத்துக்கொள் அல்லது கையால் எழுதிக்கொள்; வகுப்பு வீடியோவைப் பதிவிறக்கி, இணையத்தை அணைத்துவிட்டுப் பார். மற்ற நேரத்தில் அது வேறு அறையில் இருக்கட்டும். மேசைமேல் கவிழ்த்து வைத்தால் போதாதா என்று தோன்றும். டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 800 பேரை வைத்துச் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கைபேசியை வேறு அறையில் விட்டுவந்தவர்கள், மேசைமேல் வைத்திருந்தவர்களைவிடக் கவனமும் நினைவும் தேவைப்படும் பயிற்சிகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அனைத்திலும் இதே வேறுபாடு கிடைக்கவில்லை என்றாலும், கண்ணெதிரே இருப்பதை எடுக்காமலிருக்கும் உழைப்பும் ஓர் உழைப்புதான் என்பதைப் படிக்கிறவர் யாரும் ஒப்புக்கொள்வார்கள். தேர்வுக் கூடத்திலும் மூன்று மணி நேரம் அது உன்னிடம் இருக்கப்போவதில்லை. அப்படி இருந்து இப்போதே பழகிக்கொள்.

கேள்வி: பதினேழு வயது மகன் விடிய விடிய இணைய விளையாட்டில் இருக்கிறான். பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான். கைபேசியைப் பிடுங்கினால் பொருட்களை உடைக்கிறான், செத்துவிடுவேன் என்கிறான். — *பெயர் வேண்டாம் என்று எழுதிய தாய்*

பதில்: அம்மா, மற்றவர்களுக்குச் சொன்ன தட்டு, கடிகாரம், குறிப்பேடு எதுவும் உங்கள் வீட்டுக்குப் போதாது, இதை அலட்சியப்படுத்த வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். விளையாட்டை நிறுத்தும் கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முதன்மையாகிவிடுவது, கேடு தெரிந்தும் தொடர்வது ஆகியவை நீடித்தால், அதை விளையாட்டுக் கோளாறு என்ற நோயாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 2022 முதல் ஏற்கிறது. நோய் என்றால் மருத்துவம் உண்டு என்று பொருள். அவன் கெட்டுப்போன பிள்ளை அல்லன்.

சாவைப் பற்றி அவன் பேசுவதை மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். இன்றே 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில், திரைப் பழக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே 2014 முதல் 'ஷட்' என்ற பெயரில் தனிப் பிரிவு இயங்குகிறது. அவன் கோபமாக இருக்கும்போது கைபேசியைப் பிடுங்க வேண்டாம், அதை உடைக்கவும் வேண்டாம். பசி தெரியாமல் விளையாடுகிறவன் பக்கத்தில் ஒரு தட்டு தயிர்ச் சோற்றோடு போய் உட்கார்ந்து, விளையாட்டைப் பற்றி எதுவும் சொல்லாமல், அவன் சாப்பிடும்வரை இருங்கள். அவனோடு பேசுவதற்கான வாசல் மூடிவிடாமல் இருப்பது இப்போது மிக முக்கியம். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு எழுபத்திரண்டு வயது. தனியாக இருக்கிறேன். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். கைபேசிதான் எனக்குத் துணை. நானும் அதை விட வேண்டுமா? — *பாட்டி, பட்டுக்கோட்டை*

பதில்: விட வேண்டாம், அம்மா. பேத்தி காணொளி அழைப்பில் தன் புதுப் பாவாடையைச் சுற்றிக் காட்டுவதைப் பார்க்கும் நேரத்தை யாரும் வீண் என்று சொல்ல முடியாது. அதை ஆசை தீரப் பாருங்கள். அழைப்பு முடிந்த பிறகு, யாரோ அனுப்பிய வைத்தியக் குறிப்புகளிலும் பயமுறுத்தும் செய்திகளிலும் நள்ளிரவு வரை போகும் நேரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது, அதனால்தான் இரவில் கண் உறுத்துகிறது; அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வாசல் வேப்பமரத்தைப் போல தூரத்தில் இருக்கும் எதையாவது சற்று நேரம் பாருங்கள். மாலை வெயில் தாழ்ந்ததும் கைபேசியை உள்ளே சார்ஜில் போட்டுவிட்டு, ஒரு நாற்காலியை வாசலில் போட்டு உட்கார முடியுமா? உங்கள் தெருவில் அந்த நேரத்தில் இன்னும் யார் யார் வாசலுக்கு வருகிறார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.